நியூட் தொட்டிக்குள் எதை வைக்கலாம், எதை வைக்கவே கூடாது

தோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் ஆறாவது மாடியில் எங்கள் வீடு. அங்கே நாங்கள் மூன்று பேர், கூடவே இரண்டு நியூட். வாலும் நாலு காலுமாகத் தண்ணீரில் வாழ்கிற சின்ன உயிர். ஜப்பானில் இதற்கு அகஹரா இமோரி என்று பேர். அக என்றால் சிவப்பு, ஹரா என்றால் வயிறு. முதுகு கருங்கல் மாதிரி இருக்கும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஏறும்போது அடியிலிருந்து பார்த்தால் குங்குமச் சிவப்பில் கரும்புள்ளிகள். ஒன்றுக்கு இருக்கிற புள்ளிக் கோலம் இன்னொன்றுக்கு இருக்காது. என் மகன் அதை வைத்துத்தான் இது முத்து, இது மிளகு என்று சொல்கிறான்.

பொள்ளாச்சியிலிருந்து வீடியோ காலில் பார்த்த அம்மா கேட்டது: "ஏங்கண்ணு, செவுத்துல சும்மா ஓடுற பல்லிய அங்க காசு குடுத்தா வாங்குறீங்க?" பல்லி இல்லம்மா, இது தவளை ஜாதி என்றேன். ஜப்பானிய மொழியில் யமோரி என்றால் வீட்டுக் காவல்காரன், அதுதான் பல்லி. இமோரி என்றால் கிணற்றுக் காவல்காரன். கிணறு என்றதும் அம்மாவுக்குக் கொஞ்சம் சமாதானம்.

தவளை ஜாதி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பல்லிக்குச் செதில் உண்டு, இதற்குக் கிடையாது. ஈரமான அந்த மெல்லிய தோல் வழியாகவே தண்ணீரை எடுத்துக்கொள்கிறது, மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். அதனால் தண்ணீரில் எது கரைந்தாலும் அதன் உடம்புக்குள் போய்விடும். கல்லோ கட்டையோ பசையோ, கையில் எடுத்தவுடன் நான் கேட்கிற முதல் கேள்வி "இதிலிருந்து தண்ணீருக்குள் என்ன இறங்கும்?" என்பது. இரண்டாவது, "இது தோலைக் கிழிக்குமா?" மூன்றாவது, "வாய்க்குள் போகுமா?" அழகாக இருக்கிறதா என்பதை அதற்கப்புறம்தான் பார்ப்பேன்.

தொட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இரண்டு இமோரிக்கு 45 செ.மீ. நீளத் தொட்டி வசதியாகப் போதும். கண்ணாடிதான் நல்லது. எங்களுக்குக் கிடைத்தது, அதே கட்டடத்தில் வீடு மாறிப் போன ஒருவர் விட்டுச் சென்ற பழைய தொட்டி. ஒரு மூலையில் கசிவு. என் வீட்டுக்காரர் கடைக்குப் போய் ஒரு சிலிகான் ட்யூப் வாங்கி வந்தார். குளியலறைக்கு, சமையலறைக்கு என்று போட்டிருந்தது. தண்ணீர் படுகிற இடத்துக்கு எல்லாம் ஒன்றுதான் என்று கடையில் சொன்னார்களாம். மூலை முழுக்க இழுத்துப் பூசி முடித்த பிறகுதான் நான் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். போகாபி. பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்தது என்று அர்த்தம். குளியலறை மூலையில் மாதக்கணக்கில் பூஞ்சையைக் கொல்ல வேண்டும் என்பதற்காகவே அந்த மருந்து மெதுவாகக் கசியும்படி சேர்த்திருப்பார்கள். தொட்டிக்குள் அது எங்கே கசியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிளேடால் சுரண்டுவதிலேயே போனது. துளி மிச்சம் இருந்தாலும் புது சிலிகான் ஒட்டாது, பழையதும் போகாது. பிறகு மீன் தொட்டிக்கென்றே விற்கிற, மருந்து கலக்காத சிலிகான் வாங்கி ஒட்டினோம். ஈரமாக இருக்கும்போது வினிகர் வாடை குப்பென்று அடிக்கும். பயப்பட வேண்டாம், காயும்போது வெளியேறுகிற அசிட்டிக் அமிலம் அது. மூக்கை மூலையில் வைத்து முகர்ந்தாலும் வாடை தெரியாத வரைக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது. ட்யூபில் ஒரு நாள் என்று போட்டிருந்தாலும் நான் ஒரு வாரம் விட்டேன். தண்ணீர் ஊற்றி வைத்துக் கொட்டுவதையும் மூன்று முறை செய்தேன்.

ஜப்பானில் இருந்து இதைப் படிப்பவர்கள் மூன்று சொற்களைக் கண்ணில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். போகாபி என்றால் பூஞ்சைத் தடுப்பு. கோகின் என்றால் கிருமித் தடுப்பு. ஹிர்யோ இரி என்றால் உரம் கலந்தது. 100 யென் கடையில் ஸ்பாஞ்ச், வலை, பிளாஸ்டிக் டப்பா, செயற்கைப் புல் என்று எதைத் தொட்டாலும் இந்த மூன்றில் ஒன்று பெருமையாக அச்சடித்திருக்கும். நமக்கு அது சேர்த்துக் கொடுத்த வசதி. இமோரிக்கு வாங்கும்போது அந்தச் சொல் இருந்தால் திருப்பி அலமாரியில் வைத்துவிடுங்கள். எந்த நாட்டில் இருந்தாலும் இதே மூன்றையும் அந்த ஊர் மொழியில் தேடிப் பாருங்கள்.

அடுத்து கல். இமோரி தின்பதைப் பார்த்தால் ஏன் கல்லைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்று புரியும். புழு நெளிந்தால் மெதுவாக, மிக மெதுவாகக் கிட்டே வரும். மூக்கு ஒட்டுகிற தூரத்தில் அசையாமல் நிற்கும். திடீரென்று வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். புழுவோடு பக்கத்தில் இருக்கிற கல்லும் உள்ளே போகும். கடலைப் பருப்பு, பட்டாணி அளவில் இருக்கிற வண்ணக் கற்கள்தான் மிக ஆபத்தானவை. வாய்க்குள் போகும், வெளியே வராது. சென்னையிலும் பெங்களூரிலும் ஆக்சலாட்டில் (நியூட்டுக்கு உறவான இன்னொரு தவளை ஜாதி) வளர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை, ஏனென்றால் அதன் வாய் இன்னும் பெரியது. ஒன்று, வயிற்றுக்குள் போனாலும் சிக்காமல் வெளியேறுகிற மெல்லிய ஆற்று மணலாக ஒரு செ.மீ. கனத்துக்குப் போடுங்கள். இல்லையென்றால் அதன் தலையைவிட நன்றாகப் பெரிய கூழாங்கற்களாகப் போடுங்கள். நடுவில் உள்ள அளவு எதுவும் வேண்டாம். நான் மணல்தான் போட்டிருக்கிறேன். தீனியை மண்சட்டி மூடி ஒன்றில் வைத்துக் கொடுக்கிறேன், அங்கே மணலும் சேராது.

கல்லுக்கு வினிகர் சோதனை செய்ய வேண்டும். கல்லைக் கழுவிக் காயவைத்து ஓரிடத்தில் சுரண்டி, அங்கே ஒரு துளி வினிகர் விட்டுக் கண்ணை ஒட்ட வைத்துப் பாருங்கள். சமையல் வினிகர் வீரியம் குறைந்தது, பொங்கி வழியாது. ஊசிமுனைக் குமிழ்கள் வரிசையாக எழும்பினாலே சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். சிப்பி, பவளத் துண்டு, பளிங்கு, சுண்ணாம்புக்கல் எல்லாம் இப்படித்தான் பேசும். அதைப் போட்டால் இமோரி உடனே செத்துவிடாது. ஆனால் தண்ணீர் கடினமாகும், காரத்தன்மை ஏறும். காரத்தன்மை ஏறினால் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவின் நஞ்சுத்தன்மை கூடிவிடும். சின்னத் தொட்டியில் அந்த விளையாட்டு தேவையில்லை.

எரிமலைக் கல் ஜப்பானில் சல்லிசாகக் கிடைக்கும். துளைத்துளையாக, பாசி பிடிக்க வசதியாக, பார்க்கவும் ஒரு மலை மாதிரி இருக்கும். எங்கள் முதல் தொட்டியில் அதுதான் நடுநாயகமாக இருந்தது. இரண்டாவது வாரம் மிளகின் வயிற்றில், சிவப்புக்கு நடுவே வெளிறிய ஒரு கோடு. அந்தக் கல்லின்மேல் ஏறி இறங்கி உராய்ந்திருக்கிறது. இடுக்கில் நுழைந்து திரும்ப முடியாமலும் நின்றிருக்கிறது. இமோரிக்குக் காலே போனாலும் முளைக்கும், கண்ணின் லென்ஸை எடுத்தால்கூட மறுபடி வளரும். 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 16 ஆண்டுகளில் 18 முறை லென்ஸை எடுத்திருக்கிறார்கள், 18 முறையும் வளர்ந்திருக்கிறது. ஆனாலும் கீறல் வழியாகப் பூஞ்சை நுழைந்தால் அந்தத் திறமையெல்லாம் கைகொடுக்காது. கல்லை வாங்கினால் உங்கள் முன்னங்கையின் உட்பக்கத்தில் வைத்து அழுத்தி இழுத்துப் பாருங்கள். உங்களுக்கு எரிந்தால் வேண்டாம்.

மரக்கட்டை விஷயத்தில் பையனோடு எனக்குப் பெரிய பஞ்சாயத்து. கசாய் ரின்காய் பூங்கா எங்களுக்குப் பக்கம், தோக்கியோ விரிகுடா ஓரம். அங்கே கரை ஒதுங்கிய ஒரு கட்டையைப் பொக்கிஷம் மாதிரி தூக்கிக்கொண்டு வந்தான். கடலில் ஊறிய கட்டைக்குள் உப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. கூடவே துறைமுகத் தண்ணீர். அந்தக் கட்டை இப்போது பால்கனியில் செருப்பு வைக்கிற இடத்தில் இருக்கிறது. மீன் தொட்டிக்கென்று விற்கிற கட்டையாகவே வாங்குங்கள், வாங்கியதும் வேகவையுங்கள். எங்கள் வீட்டில் அது முழுசாக அமுங்குகிற ஒரே பாத்திரம் இட்லிப் பானைதான். முதல் கொதியில் கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் இறங்கியது. நான்காவது கொதியில் இளந்தேநீர் நிறம். அதில் மிச்சம் இருக்கிற சாயம் கெடுதல் இல்லை, இலை உதிர்ந்த குட்டைத் தண்ணீர் மாதிரிதான். (பானையைத் தேய்த்தது வீட்டுக்காரர்.) பைன், தேவதாரு, ஜப்பானியர்கள் குளியல் தொட்டி செய்கிற ஹினோகி, இவையெல்லாம் வேண்டாம். நமக்கு மணக்கிற அந்த எண்ணெயும் பிசினும்தான் இவற்றுக்கு ஆகாது. கார்க் மரப்பட்டை நல்லது. மிதக்கும், மழமழப்பு இல்லாமல் ஏறப் பிடிப்பு கொடுக்கும், கீறவும் கீறாது.

அடுத்தது தேங்காய்நார்த் தூள். பொள்ளாச்சிக்காரி என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். கரைப்பகுதிக்கு ஈரம் பிடித்து வைக்க இதைவிட மலிவாக ஒன்றும் கிடையாது. 100 யென் கடையில் செங்கல் மாதிரி அழுத்திய கட்டி, இலங்கைத் தயாரிப்பு. ஊரில் கயிற்று ஆலைகளுக்கு வெளியே இது மலையாகக் குவிந்து கிடக்கும், மழைக்கு அதிலிருந்து செந்தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மட்டையிலேயே பொட்டாசியம், சோடியம் உப்புகள் உண்டு. உப்பங்கழியில் ஊறப்போட்ட மட்டை என்றால் இன்னும் அதிகம். செடிக்கே கழுவித்தான் போடுவார்கள், இமோரியின் தோலுக்குக் கேட்கவே வேண்டாம்.

நான் செய்வது இதுதான். கட்டியை வாளியில் போட்டு வெந்நீர் ஊற்றினால் பத்து நிமிடத்தில் பொதுபொதுவென்று உப்பிவிடும். பழைய பனியன் துணியில் கொட்டி, புளி பிழிகிற மாதிரி பிழிய வேண்டும். மறுபடி தண்ணீர், மறுபடி பிழிதல். முதல் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், லேசாகக் கரித்தது. ஐந்தாவது முறை ருசியும் இல்லை, நிறமும் அவ்வளவாக இல்லை. ஆறாவதாக ஒரு ராத்திரி ஊறவைத்து ஒரு பிழி. செடிக்கென்று கால்சியம் நைட்ரேட் போட்டுப் பக்குவப்படுத்திய நார்த்தூளும் விற்கிறார்கள், அதைத் தொடாதீர்கள். பிழிந்த தூளைப் பரப்பி, மேலே ஆர்க்கிட் செடிக்கு விற்கிற உரம் சேர்க்காத ஸ்பேக்னம் பாசியால் மூடிவிடுங்கள். வெறும் தூளாக விட்டால் ஈரத்தோலில் ஒட்டும், தீனியோடு வாய்க்குள் போகும்.

தோட்டத்து மண், தொட்டிச்செடி மண் கூடாது, உரமும் பூச்சிமருந்தும் இருக்கும். பூ அலங்காரம் செய்கிற பச்சை ஃபோமும் கூடாது. வெட்ட எளிது என்று பலர் அதில் கரை கட்டுகிறார்கள். அது உதிர்கிற பிசின் தூள், விரலால் தேய்த்தாலே பொடியாகும். மீன் தொட்டிச் செடிகளுக்கு விற்கிற சத்துள்ள மண்ணுருண்டை ஆரம்ப வாரங்களில் அம்மோனியா விடும். அதையும் தவிர்த்துவிடலாம். எங்கள் கரைப்பகுதி என்பது உண்மையில் ஒரு கையகலம்தான். வளர்ந்த அகஹரா இமோரி பெரும்பாலும் தண்ணீரிலேயே கிடக்கும். பூந்தொட்டி அடியில் போடுகிற பிளாஸ்டிக் வலையைச் சரிவாக வளைத்து, ரப்பர் உறிஞ்சியால் கண்ணாடியில் பிடித்து, அதன்மேல் பாசி. வலையை வெட்டிய முனைகளைத் தீக்குச்சியால் மழுக்கிவிட்டேன்.

உலோகத்தில் செம்பைக் கண்டால் ஓடுங்கள். செம்புச் சொம்பில் தண்ணீர் வைத்துக் குடிக்கிற வீட்டில் வளர்ந்த எனக்கு இது மனசுக்கு ஒப்பாமல்தான் இருந்தது. கிருமியைக் கொல்கிறது என்று நாம் செம்பைக் கொண்டாடுகிறோமே, அதே காரணம்தான். கரைகிற துளிச் செம்பும் தவளை ஜாதிக்கு நஞ்சு. இங்கே பூச்சாடித் தண்ணீர் வழுவழுப்பாகாமல் இருக்க 10 யென் நாணயம் போடுகிற வழக்கம் உண்டு. அந்த நாணயத்தில் 95 சதவீதம் செம்பு. கீழ்வீட்டுப் பாட்டி அன்பாக அதைச் சொல்லிக்கொடுக்க, என் மகன் தொட்டியில் போடப் போய்விட்டான். பித்தளைக் குழாய் இணைப்பு, துத்தநாகம் பூசிய கம்பி வலை, பழைய குரோட்டன்ஸ் சட்டியின் மெருகுப்பூச்சு இவையும் அதே கணக்குதான். கடையில் கட்டுக்கட்டாக விற்கிற நீர்ச்செடிகளின் அடியில் சாம்பல் நிறத்தில் கையாலேயே வளைகிற ஒரு உலோகப் பட்டை சுற்றியிருந்தால் அது ஈயமாக இருக்கலாம், அவிழ்த்து எறியுங்கள். மெருகு போடாத சுட்ட மண்சட்டி நல்லது. பாதியாக உடைத்துக் கவிழ்த்தால் ஒளிந்துகொள்ள இடம், உடைந்த விளிம்பை மட்டும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

செடிகளில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கும். இறால் வளர்ப்பவர்கள்தான் இதை முதலில் கண்டுபிடிப்பார்கள், செடி வைத்த மறுநாள் இறால் எல்லாம் மல்லாந்துவிடும். மருந்தடிக்காதது என்று எழுதி விற்கிற செடியை வாங்குங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் தனி வாளியில் இரண்டு வாரம், தினம் தண்ணீர் மாற்றி வையுங்கள். அனுபியாஸ், ஜாவா பாசி இரண்டும் வெளிச்சம் குறைந்தாலும் பிழைக்கும்.

மூடியில் நான் கஞ்சத்தனம் செய்தேன், பட்டேன். ஈரமான இமோரி கண்ணாடியில் செங்குத்தாக ஏறும். ஒயர் போகிற இடத்தில் இரண்டு விரல் சந்து விட்டிருந்தேன். ஒரு காலையில் முத்துவைக் காணோம். மத்தியானம் வாஷிங் மெஷினுக்குப் பின்னால், முடியும் தூசியும் ஒட்டி, காய்ந்த கறிவேப்பிலைக் காம்பு மாதிரிக் கிடைத்தது. ஈரத்துணியில் வைத்து அரை மணி நேரம் கழித்து ஒரு விரல் அசைந்தது. இப்போது சந்து முழுக்கக் கருப்பு ஸ்பாஞ்ச் திணித்திருக்கிறேன், சாதா ஸ்பாஞ்ச், கோகின் போடாதது. மூடி முழுக்கக் கண்ணாடியாக இருந்தால் வெக்கை தங்கும், அதனால் பிளாஸ்டிக் வலை மூடி. தோக்கியோ கோடையில் ஏ.சி.யை நிறுத்துவதே இல்லை. 25 டிகிரிக்கு மேல் போக விடாமல் பார்த்துக்கொள்கிறோம்.

தொட்டிக்கு வெளியே இருக்கிறதும் உள்ளே போகும். கொசுவர்த்தி, ப்ளக்கில் செருகுகிற திரவம், சாம்பிராணி, நாப்தலீன் உருண்டை எதுவும் அந்த அறையில் கிடையாது. வெள்ளிக்கிழமை ஊதுபத்தி சமையலறையோடு சரி. குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு, ஜப்பானில் குழாயைத் திறக்கும் இடத்தில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். குளோரினை நீக்குகிற திரவத்தைப் பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக்கு விட்டால் போதும். தொட்டிக்குள் கையை விடுவதற்கு முன்னால் சோப்பில்லாமல் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். வெளியே எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஏனென்றால் அகஹரா இமோரியின் தோலில் டெட்ரோடோடாக்சின் என்கிற நஞ்சு இருக்கிறது. ஃபுகு என்கிற, பந்து மாதிரி உப்புகிற மீனில் இருக்கிற அதே விஷம். தொட்டால் ஒன்றும் ஆகாது, அந்தக் கையைக் கண்ணிலோ வாயிலோ வைக்கக் கூடாது.

எல்லாவற்றையும் அடுக்கிய பிறகு, கழிவை மாற்றுகிற நுண்ணுயிர்கள் வளர்வதற்காக இமோரி இல்லாமலேயே ஃபில்டரை ஓடவிடுங்கள். எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. சோதனைத் தாளில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை, பையன் தினம் வெறும் தொட்டியைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தான். மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தாலோ, பிளாஸ்டிக் வாடை வந்தாலோ, சந்தேகப்படுகிற பொருளை ஒவ்வொன்றாகத் தனி வாளியில் போட்டு ஒரு வாரம் பாருங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டார்ஜிலிங், சிக்கிம் மலைகளில் இருக்கிற இமாலய நியூட் பாதுகாக்கப்பட்ட உயிர், இந்தியாவில் அதைப் பிடிப்பதோ வளர்ப்பதோ குற்றம். அமெரிக்கா 2016 ஜனவரியில் இந்த வயிற்றுச் சிவப்பு ஜாதி உட்பட, நியூட்டும் அதன் உறவான சாலமாண்டரும் சேர்ந்த 20 பேரினங்களின் இறக்குமதியைத் தடுத்தது. காரணம் ஒரு பூஞ்சை. ஆசிய நியூட்கள் சில அதைச் சுமந்தும் சாகாமல் இருக்கும். நெதர்லாந்தில் அது ஃபயர் சாலமாண்டர்களைக் கிட்டத்தட்ட அழித்தேவிட்டது. பழைய தண்ணீரையும் கழித்த செடியையும் ஓடையிலோ வயலிலோ கொட்டாதீர்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் கழிவறைக்கு, செடி குப்பைப் பைக்கு.

3,800 யென் கொடுத்து வாங்கி, இட்லிப் பானையில் நாலு முறை வேகவைத்த கட்டையில் இரண்டும் இன்றுவரை ஏறவில்லை. பகல் முழுக்க உடைந்த மண்சட்டிக்குள், ஒன்றின் முதுகில் ஒன்று தலை வைத்துக்கொண்டு கிடக்கின்றன.